மாறிப்போன மஞ்சள் வயர்

“இது யாரு பாத்த வேல?”

பூவனநாதன் சத்தம் போடவில்லை. போடத் தெம்பும் இல்லை. காலையிலிருந்து கரண்ட் வருவதும் போவதுமாக இருந்தது. அதற்கு நடுவில், சென்னைக்கு அனுப்பிய கிட்டார் ஆம்ப்ளிஃபயர் ஒன்று கூரியரில் திரும்பி வந்து இறங்கியிருந்தது. இந்த மாதத்தில் இது மூன்றாவது.

பின்பலகையைக் கழற்றிப் பார்த்தார். எல்லா வயரும் வகிடு எடுத்ததுபோல் நேராக ஓட, மஞ்சள் வயர் மட்டும் குறுக்கே போய்த் தப்பான முனையில் பற்றவைக்கப்பட்டிருந்தது.

மிஷின் அச்சடித்த போர்டு கிடையாது, ஒவ்வொரு முனையும் கையாலேயே பற்றவைத்தது என்று சொல்லித்தான் பதினோரு வருஷமாகக் கோவில்பட்டியிலிருந்து விற்கிறார். கை என்றால் தப்பத்தான் செய்யும். அதை வாங்குகிறவர்களிடம் சொல்ல முடியுமா?

மேஜையில் வேலை பார்ப்பது இரண்டே பெண்கள். பூங்கொடி வந்து ஆறு வருஷம். விஜி, தீப்பெட்டி ஆபீஸ் மூடிய பிறகு இரண்டு பிள்ளைகளோடு திண்டாடி, நாலு மாதம் முன்னால் சேர்ந்தவள். இருவருக்கும் தொழில் காட்டியது அவரேதான். யார் வைத்த ஈயம் என்று பார்த்துச் சொல்ல முடியாது.

“மூணாவது பெட்டி. இனி என்னால ஏலாது. செஞ்சது யாரா இருந்தாலும் திங்கக்கிழமையிலருந்து வரவேண்டாம்.”

விஜியின் கையிலிருந்து, ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் அயர்ன் நழுவி மேஜையில் விழுந்தது.

பூங்கொடி முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டபடி எழுந்தாள். திருச்செந்தூரில் மொட்டை போட்டு வந்த தலை, முடி இப்போதுதான் எள்ளளவுக்கு முளைத்திருந்தது.

“நாந்தான் அண்ணாச்சி. அசந்துட்டேன்.”

“நீயா?”

பூவனநாதன் ஸ்டூலில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்தார். இவள் என்று தெரிந்திருந்தால் அப்படி ஒரு வார்த்தையை விட்டிருக்க மாட்டார். விட்டாயிற்று.

“ஆறு வருஷமா பாக்குத வேலைம்மா. சரி, சொன்னது சொன்னதுதான். கெளம்பு.”

அவள் தூக்குவாளியைப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கினாள். விஜி குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை.

போன் அடித்தது. பெட்டியைத் திருப்பி அனுப்பிய கிட்டார்காரர் ஹரி. பூவனநாதன் முந்திக்கொண்டார்.

“தம்பி, தப்பு எங்க மேலதான். ஒரு வயரு மாறிட்டு. வேற பெட்டி அனுப்பிருதேன்.”

“ஐயோ, அந்த வயரைத் தொட்டுடாதீங்க சார்! என்கிட்ட உங்க பெட்டி நாலு இருக்கு. இது ஒண்ணுதான் அழுத்தி வாசிச்சா தொண்டை கட்டின மாதிரி பாடுது. இதைப் பார்த்து அச்சா இதே மாதிரி ஆறு செஞ்சு குடுங்க. உள்ளே லெட்டர் வச்சிருந்தேனே, பார்க்கலையா?”

லெட்டர் பேக்கிங் அட்டைகளுக்கு நடுவே பிரிக்காமல் கிடந்தது.

பூவனநாதன் செருப்புகூடப் போடாமல் ஓடினார். பஸ் ஸ்டாப் பக்கம் போய்விட்ட பூங்கொடியைக் கூப்பிட்டு வந்து மேஜை முன்னால் நிறுத்தினார். அவருக்கு மூச்சு வாங்கியது.

“நான் பேசினத மனசுல வச்சுக்கிடாதம்மா. ஆறு பெட்டி கேக்காரு. இந்தத் தப்பு அப்படியே வேணுமாம். ஆறுக்கும் நீதான் வயர் ஓட்டணும். இனிமே இந்த மேஜைக்கு நீதான் பொறுப்பு. அந்த வயர எப்படிக் கொண்டுபோனேன்னு விஜிக்கும் காட்டிக்குடு.”

பூங்கொடி பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். மஞ்சள் வயரை முனையிலிருந்து முனைவரை விரலால் தடவினாள். பிறகு விஜியைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

“இந்தப் பெட்டிக்கு வயர் ஓட்டுன அன்னைக்கு நான் லீவு, அண்ணாச்சி.”