பந்து இல்லாத ஆட்டம்

பந்து திரையை விட்டுப் போய்விட்டது. முகம் மட்டும் நின்றது.

அக்கா ஜெஸ்லினுக்கு அதுதான் வேண்டும். அகலமான ஆட்ட வீடியோவை விரலால் இழுத்து, போனின் நெட்டுவாக்கு அளவுக்கு நறுக்கினாள். நெற்றியில் ஒட்டிய முடி. வியர்வை இறங்கும் கழுத்து. மெதுவாக ஓடவிட்டு, ஒரு காதல் பாட்டைச் சேர்த்தாள்.

"என்ன அழகு, பாரு பிள்ளே."

ஜப்பான்காரன். கால்பந்தில் நடுக்களத்தில் ஆடுகிறவன். அவனுக்காக அக்கா நடத்தும் பக்கத்துக்கு எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்தார்கள். முடிக்கு ஒரு இதயம். உதட்டுக்கு ஒரு இதயம். அவன் குடித்துப் போட்ட பாட்டிலை நக்கக் கிடைக்குமா என்று ஒருத்தி கேட்டிருந்தாள்.

அதற்கும் இதயங்கள்.

தங்கை திரையிலிருந்து கண்ணை எடுத்தாள்.

அவளும் நடுக்களம்தான். கடற்கரை மணலில், சர்ச் பங்கின் பெண்கள் அணியில். அவனைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டாள். பந்து வரும் முன்பே தோளுக்குப் பின்னால் ஒரு பார்வை. பிறகு ஒரே தொடுதல். ஓடிக்கொண்டிருப்பவனின் காலடியில் பந்து போய் நிற்கும்.

அவன் அழகெல்லாம் அங்கேதான் இருந்தது. அக்கா வெட்டி எறிந்த பக்கத்தில்.

"பந்தையும் கொஞ்சம் காட்டேன்க்கா."

"பந்த எவ பாப்பா? போ பிள்ளே."

கோவையில் ஒரு கல்லூரி, அணிக்குப் பெண்களை எடுத்தது. படிப்பும் விடுதியும் இலவசம். கிடைக்காவிட்டால் அம்மாவோடு இறால் உரிக்கப் போக வேண்டும். அவள் ஆடும் வீடியோ ஒன்றை அனுப்பச் சொல்லியிருந்தார் அங்குள்ள பயிற்சியாளர்.

அந்தோணியார் திருவிழாப் போட்டியில் அக்கா படம் பிடித்தாள். வீட்டில் நல்ல போன் அவளிடம்தான் இருந்தது. அன்று தங்கை தள்ளிவிட்ட பந்துகள் கோலாயின. கரையில் நின்றவர்கள் கூவினார்கள்.

சாயங்காலம் அக்கா போனை நீட்டினாள்.

காற்றில் கலைந்த முடி. பல்லில் கடிபட்ட உதடு. மெதுவாக. மிக மெதுவாக. அதே பாட்டு.

பந்து எங்குமே இல்லை.

"முழுசா எடுத்தது எங்கக்கா?"

"இப்பிடித்தான் எடுத்தேன். கிட்ட இழுத்து. ஒன்ன நல்லா காட்டணும்லா?"

அக்காவின் கண்ணில் கள்ளமே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

அக்கா தன் பக்கத்திலும் அதைப் போட்டிருந்தாள். 'எங்க ஊரு ஜப்பான்காரி.' கீழே எவனோ அவள் கழுத்தைப் பற்றி எழுதியிருந்தான்.

தங்கை தன் கழுத்தைக் கையால் மூடிக்கொண்டாள்.

"அந்த கோயம்புத்தூர் சாருக்கும் இதத்தான் அனுப்பியிருக்கேன்."

சொல்லி முடிப்பதற்குள் போன் அதிர்ந்தது. அக்கா படித்தாள். பிறகு கத்தினாள்.

அம்மா இறால் வாடையோடு ஓடிவந்தாள். அக்காவைக் கட்டிக்கொண்டாள். அடுத்த வீட்டுக்குக் கேட்கிற மாதிரி மாதாவுக்கு நன்றி சொன்னாள். பெட்டி வாங்க வேண்டும் என்றாள். போர்வை வாங்க வேண்டும் என்றாள்.

தங்கை போனை வாங்கி, சாரின் பதிலைப் பார்த்தாள்.

'நீ செலக்ட். திங்கட்கிழமை வா.'

பக்கத்தில் இரண்டு சிவப்பு இதயங்கள்.

கொல்லைக்குப் போனாள். வாளித் தண்ணீரில் முகத்தைக் கழுவினாள். சோப்புப் போட்டுக் கழுவினாள். உள்ளே அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு சத்தமாக அம்மா சிரித்து அவள் கேட்டதில்லை.

மறுபடியும் சோப்பை எடுத்தாள்.