மூன்று பட்டாலியன், ஒரு ரிசர்வ்

ஆறு உறைந்துவிட்டது. எதிர்க்கரையில் ரஷ்ய டாங்கிகள். இந்தக் கரையில், ஜெர்மன் சார்ஜன்ட் குரோலின் ரெஜிமென்ட்டில் அவரோடு சேர்த்து மிஞ்சியது மூன்றே பேர். உண்மையைச் சொன்னால் டிவிஷன் தலைமையகத்தில் ரெஜிமென்ட் பெயரையே அடித்துவிடுவார்கள். அப்புறம் உதவிக்கு ஒரு ஈ கூட வராது. அதனால் போனில் தலைமையக மேஜரிடம் கூசாமல் பொய் சொன்னார்.

“மூணு பட்டாலியனும் அசையாம நிக்குது மேஜர். பசங்கதான் களைச்சுட்டாங்க. ரிசர்வ்ல இருந்து இருநூறு பேரை அனுப்புங்க.”

“இருநூறா? சந்தையில வெள்ளரிக்காயா கேக்குற? ஐம்பது.”

“நூறு. சமையல்காரன், ரொட்டி சுடுறவன், யாரா இருந்தாலும் சரி.”

“சரி, தொலை. சாயங்காலம் ரிசர்வ் வந்துரும். அதுவரைக்கும் தாக்குப்பிடி.”

“பொழைச்சோம்டா!” என்றார் குரோல், தன் ஆட்கள் இருவரிடமும்.

சாயங்காலம் பனியில் தள்ளாடியபடி ஒரே ஒருவர் வந்தார். முதுகில் டெலிபோன் பெட்டி.

“ரிசர்வ் பின்னாடி வருதா?”

“நான்தான்யா ரிசர்வ்.” காலையில் போனில் கேட்ட அதே குரல்.

“மேஜர்! அப்ப டிவிஷன்?”

“அதுவும் நான்தான். மத்தவங்க எல்லாம் போன வாரமே போய்ச் சேர்ந்தாச்சு.”

மேஜர் பெட்டியை இறக்கிவிட்டு, பதுங்குகுழிக்குள் ஆவலோடு எட்டிப் பார்த்தார்.

“உன் மூணு பட்டாலியனை நம்பித்தான் உசிரைக் கையில பிடிச்சுக்கிட்டு ஓடி வந்தேன். எங்கேப்பா அவங்க?”