அழிக்கக் கூடாத பலகை

'அம்சவேணி டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டின் அங்கீகாரம் ரத்தாகிவிட்டதாம். (உறுதியில்லை)'

கோயமுத்தூர் கணபதியில் அந்தத் தெருவே இதைப் படித்துவிட்டுத்தான் அன்று காலை வேலைக்குக் கிளம்பியது.

நற்பணி மன்றத்து வாசலில் இருக்கும் கரும்பலகை அது. தெருவுக்கு வேண்டிய செய்தியை யார் வேண்டுமானாலும் எழுதலாம். குழாயில் தண்ணீர் எப்போது வரும், எந்தப் பட்டறையில் ஆள் தேவை, யார் வீட்டில் கல்யாணம், எல்லாம் வரும். மன்றத்தார் விசாரித்துப் பார்க்கும்வரை பக்கத்தில் 'உறுதியில்லை' என்று போட்டுவிட வேண்டும். ஒருவர் எழுதியதை இன்னொருவர் அழிக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் பேசி முடிவெடுத்துத்தான் அழிப்பார்கள்.

சட்டமெல்லாம் செயலாளர் லட்சுமணசாமி போட்டது. இவ்வளவு நேர்மையாகச் செய்தி போடும் தெரு கோயமுத்தூரில் வேறு எங்கே இருக்கிறது, காட்டுங்கள் பார்ப்போம் என்று வருகிறவர் போகிறவரை எல்லாம் பிடித்து நிறுத்திக் கேட்பார்.

அம்சவேணிக்கு அன்று இருப்புக் கொள்ளவில்லை. லோயர், ஹையர் பரீட்சைக்கு விண்ணப்பம் அனுப்ப வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள். காலை பேட்சில் பாதி மெஷின்கள் உறை போட்டபடியே கிடந்தன. வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தாள். இந்தத் தடவை பிள்ளைகள் விட்டுப் போனால் இன்ஸ்டிடியூட்டை இழுத்து மூட வேண்டியதுதான். வேறு பிழைப்பு அவளுக்குத் தெரியாது.

மத்தியானம், அவளிடம் படிக்கும் கீதாவின் அம்மா வந்தாள். மகளைத் துடியலூரில் வேறு இடத்தில் சேர்க்கப் போவதாக, முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"உறுதியில்லைன்னுதானுங்க்கா போட்டிருக்குது" என்றாள் அம்சவேணி.

"அது சரிதானுங்க. உறுதியானதுக்கு அப்புறம் நாங்க எங்கீங்க போயி முட்டிக்கறது?"

அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. சுவரில் மாட்டியிருந்த அங்கீகாரச் சான்றைச் சட்டத்தோடு கழற்றிக்கொண்டு மன்றத்துக்கு ஓடினாள்.

லட்சுமணசாமி கண்ணாடி போட்டு ஒரு வரி விடாமல் படித்தார். பிறகு திருப்பிக் கொடுத்தார். சான்று போன வருஷத்தது, செய்தி இந்த வாரத்தது என்றார். அங்கீகாரம் கொடுக்கும் ஆபீசுக்கே ஆளனுப்பி விசாரித்து, ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் வைப்பதாகச் சொன்னார்.

"அதுக்குள்ள எம் பொழப்பே போயிருமுங்க. எழுதுனது யாருன்னாச்சும் சொல்லுங்க."

"அதைக் கேக்கற வழக்கமில்லீங்க அம்மணி."

"பொய்யின்னு உங்களுக்கே தெரியுதுங்களே. அழிச்சுப்போடுங்க."

"உண்மைன்னு நாங்க எங்கீங்க போட்டோம்? உறுதியில்லைன்னு தெளிவாத்தான போட்டிருக்குது. நீங்க எதுக்குப் பதர்றீங்க?"

வெளியே வந்து பார்த்தால், யாரோ ஒரு புண்ணியவான் அவளுக்கு நல்லது செய்வதாக நினைத்து 'உறுதியில்லை'யின் கீழே சிவப்புச் சாக்பீசால் கோடு போட்டிருந்தான். அதுவரை பார்க்காமல் போனவர்களும் இப்போது சைக்கிளை நிறுத்திப் படித்தார்கள்.

சான்றை இடுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலை, மன்றத்தில் பேப்பர் படிக்கும் கூட்டம் நிறைந்திருந்த நேரத்தில் அம்சவேணி வந்தாள். யாரிடமும் பேசாமல் நேராகப் பலகைக்குப் போய்ச் சாக்பீசை எடுத்தாள். சண்டைதான் என்று எல்லோரும் பேப்பரைத் தாழ்த்தினார்கள்.

தன்னைப் பற்றிய வரிக்குக் கீழே கொட்டை எழுத்தில் எழுதினாள்.

'நம் செயலாளர் லட்சுமணசாமி மிகவும் யோக்கியமானவர். மன்றத்துப் பணத்தில் கை வைக்காதவர்.'

எதிர்த்த பேக்கரி காளிச்சாமி கடையில் நின்றபடியே பக்கத்திலிருந்தவர் காதைக் கடித்தார். நேற்று அந்தக் குதி குதித்தவள் இன்றைக்குக் காக்காய் பிடிக்க வந்துவிட்டாளே என்று அவருக்கு இளக்காரம். கூட்டத்தில் பலருக்கும் அப்படித்தான் பட்டது.

லட்சுமணசாமிக்கு முகம் மலர்ந்துவிட்டது. தோள் துண்டைச் சரி செய்துகொண்டு எழுந்து வந்தார். இதெல்லாம் எதற்கு அம்மணி என்று கூச்சத்தோடு சொல்லிக்கொண்டே, எழுத்து நன்றாகத் தெரிகிறதா என்று தள்ளி நின்றும் பார்த்துக்கொண்டார்.

அம்சவேணி சாக்பீசைக் கீழே வைக்கவில்லை. அந்த வரிக்குப் பக்கத்தில் இன்னும் ஒரு சொல் எழுதினாள்.

'(உறுதியில்லை)'

பேப்பர்களுக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள். ரோட்டில் போன இரண்டு பேர் சைக்கிளிலிருந்து இறங்கினார்கள்.

"என்னங்க இது?" லட்சுமணசாமி பலகையை நெருங்கி வந்தார்.

"நல்லபடியாத்தானுங்க எழுதியிருக்கறேன். ஆனா யாரும் இன்னும் விசாரிச்சுப் பாக்கலீங்களே. ஞாயித்துக்கிழமை கூட்டத்துல வெச்சுக்கலாமுங்க."

காளிச்சாமி கடையை விட்டு ரோட்டைத் தாண்டி வந்து, பலகையை ஒரு தடவையும் செயலாளரை ஒரு தடவையும் பார்த்தார். அந்தப் பார்வையை லட்சுமணசாமியால் தாங்க முடியவில்லை. தோளிலிருந்த வெள்ளைத் துண்டை உருவினார். கூட்டமும் கூட்டவில்லை, யாரையும் கேட்கவுமில்லை. தன்னைப் பற்றிய வரியை அழுத்தி அழுத்தித் துடைத்தார்.

அம்சவேணி சாக்பீசை அதன் இடத்தில் வைத்துவிட்டு, கையைத் தட்டிக்கொண்டாள்.

"துண்டுதான் எப்படியும் அழுக்காயிருச்சுங்களே. அப்படியே மேல இருக்கற வரியையும் தொடச்சுப்போடுங்க."