இரண்டு நாள் ஊசி

பூவாத்தாள் வளர்த்த செவலைப் பசுவின் மடி கல்லு மாதிரி வீங்கியிருந்தது. ஐந்து நாள் விடாமல் ஊசி போடச் சொல்லி மருந்துப் புட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார் மாட்டு டாக்டர். இரண்டே நாளில் வீக்கம் வற்றிவிட்டது. ஊசி போடுகிற மாட்டின் பாலை சொசைட்டியில் வாங்க மாட்டார்கள். அதனால் பூவாத்தாள் மீதி மருந்தைத் தொழுவத்துக் கூரையில் செருகி வைத்தாள்.

மருந்து மேலிருந்து பதறியது. “செவலை, உன் மடியில இன்னும் நாலஞ்சு கிருமி உசுரோட இருக்கு. என்னை இறக்கச் சொல்லு!”

“நானும் காலையிலிருந்து கத்துறேன். பசிக்குதுன்னு நெனச்சுப் புல்லுதான் போடுறா.”

பத்தாம் நாள் மடி மறுபடியும் வீங்கியது. பூவாத்தாள் அவசர அவசரமாகப் புட்டியை இறக்கி, இருந்த மருந்தை ஊசியில் ஏற்றிப் போட்டாள்.

மருந்து உள்ளே போனது. மடி நிறையக் கிருமிகள். ஒன்றுகூட ஓடவில்லை.

“வாங்க, வாங்க” என்றது ஒரு கிருமி. “போன தடவை ரெண்டே நாள்ல கிளம்பிட்டீங்க. அப்பத்தான் உங்களைப் பழகிக்கிட்டிருந்தோம்.”

செவலை அடிவயிற்றிலிருந்து கத்தியது.

“அதான் ஊசி போட்டாச்சே” என்று பூவாத்தாள் ஒரு கட்டுப் புல்லை அள்ளிப் போட்டாள்.