பழைய துப்பாக்கிக்கு வந்த புது விசை

பட்டறை மேசைமேல் இரண்டு துப்பாக்கிகள் படுத்திருந்தன. இரண்டுமே ஒவ்வொரு குண்டுக்கும் கைப்பிடியை இழுத்துத் தள்ள வேண்டிய வகைதான். பழையதற்கு விசை உடைந்துவிட்டது. புதியதற்குக் குழல் வெடித்துவிட்டது. அதனால் பட்டறைக்காரர் புதியதின் விசையைக் கழற்றிப் பழையதில் பொருத்திப் பார்த்தார். விசை பாதி உள்ளே போனதும் சிக்கி நின்றுவிட்டது.

"இந்தக் காலத்துப் பொண்ணுங்களே இப்படித்தான். அரத்தால ரெண்டு தேய் தேய்ச்சா வழிக்கு வந்துடுவா," என்றது பழைய துப்பாக்கி.

புதியது பதறிப்போயிற்று. "ஐயோ சம்பந்தியம்மா, வேண்டாம்! அளவு தப்பித் தேய்ச்சுட்டா அவ உங்களுக்கும் ஆக மாட்டா, எனக்கும் ஆக மாட்டா. பழைய இரும்புக்குத்தான் போகணும்."

"அதுக்காக? இத்தனை வருஷம் இருந்துட்டு நானா மாறுவேன்?"

பட்டறைக்காரர் அரத்தைக் கையில் எடுத்தார். விசை, "முருகா!" என்று கண்ணை மூடிக்கொண்டது. பிறகு மெல்ல, "அத்தை, கோவிச்சுக்காதீங்க. உள்ளே ஏதோ என் காலைத் தடுக்குது," என்றது.

"என் வீட்டுக்குள்ளயா? கண்ணாடி மாதிரி வெச்சிருக்கேன்டி!"

பட்டறைக்காரருக்கும் ஏதோ சந்தேகம் வந்தது போலும். அரத்தைக் கீழே வைத்துவிட்டு, மண்ணெண்ணெயில் துணியை நனைத்து, பழைய துப்பாக்கியின் உள்ளே விட்டுத் துடைத்தார். காய்ந்துபோன எண்ணெய்ப் பிசுக்கு கருப்புக் கட்டியாக வந்து விழுந்தது. மறுபடி பொருத்தினார். விசை 'டக்'கென்று உட்கார்ந்துகொண்டது.

பழைய துப்பாக்கி பெருமையாகத் திரும்பிப் பார்த்தது.

"பார்த்தீங்களா சம்பந்தியம்மா! அரத்தைக் காட்டினதுமே எப்படித் திருந்திட்டா!"