ஓரத்து ரப்பர்

"இன்னும் கொஞ்சம் மெத்துனு வேணும்."

கையுறையை வாயில் கவ்விக்கொண்டு, தொங்கிக்கொண்டிருந்த டயர் ஒவ்வொன்றையும் நகத்தால் கிள்ளிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார் அவர். கறுப்பும் சிவப்புமாகத் தோல் கோட்டு, முழங்காலுக்குக் கவசம். பார்க்கும் உத்தியோகமோ நூலகர்.

"சார், இதுக்கு மேல மெத்துனு வேணும்னா தலையணைக் கடைக்குத்தான் போகணும்" என்றார் டயர்க்கடைக்காரர்.

கூட வந்திருந்த மனைவி சிரிக்கவில்லை. வலது மணிக்கட்டில் சுற்றியிருந்த துணியை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"என்னங்க, கெட்டி ரப்பராவே வாங்கிடலாமே. ரொம்ப நாள் உழைக்கும்."

"உழைக்கறதுக்குச் செருப்பா வாங்க வந்திருக்கோம்? பந்தய பைக்கும்மா இது. உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு."

கடையில் காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இப்படிப்பட்ட மனுஷனோடு எப்படித்தான் குடும்பம் நடத்துகிறாளோ என்று அவர்கள் முகத்தில் எழுதியிருந்தது.

கடைக்காரர் பழைய டயரைக் கழற்றி உருட்டி வந்தார். ஓரம் வரைக்கும் ஒட்டத் தேய்ந்திருந்தது.

"அடேயப்பா! நிமிர்ந்து ஓட்டறவங்களுக்கு நடுவுலதான் தேயும். ஓரம் இப்படித் தேயணும்னா வளைவுல வண்டியைப் படுக்கப் போடணும். சார் பெரிய ஆளுதான்!"

"கூட்டாளிங்க என்னை மின்னல்னு கூப்பிடுவாங்க" என்றார் அவர், கூரையைப் பார்த்துக்கொண்டு.

அவள் அந்த டயரைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மின்னலாம், மின்னல்! கல்யாணமான புதிதில் ஒரு வளைவில் வண்டி லேசாகச் சாய, பின்னால் இருந்தவள் போட்ட அலறலில் அவர் காது அடைத்துப் போனது. அன்றிலிருந்து, அவள் பின்னால் இல்லாதபோதும், அவர் வண்டியைச் சாய்த்ததில்லை. தலையில் தண்ணீர்க்குடம் இருப்பதுபோல நிமிர்ந்தே திரும்புவார். சைக்கிள்கள் அவரை முந்திக்கொண்டு போகும்.

போன வருஷம் ஒரு கூட்டாளி குனிந்து பார்த்து, "யோவ், உன் டயர் ஓரத்துல பிறந்த முடிகூட உதிரலையே!" என்று எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தான். புது டயரில் நீட்டிக்கொண்டிருக்கும் ரப்பர் முடி, அப்படியே இருந்தது. அன்று அவர் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் அவள் கடைக்குப் போய் உப்புத்தாள் வாங்கினாள்.

ஞாயிறுதோறும் குளியலறையில் அவர் பாட ஆரம்பித்ததும், இவள் வண்டியருகே குந்தி உட்கார்ந்து டயர் ஓரத்தைத் தேய்ப்பாள். பாட்டு நின்றால் கையும் நிற்கும். கொஞ்ச நாளாகப் பாட்டு நீண்டுகொண்டே போனது. புது மதிப்பு வந்த சந்தோஷத்தில் பாடுகிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

கூட்டாளிகள் கேலியை விட்டுவிட்டு அவரை மின்னல் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். "என் வேகத்துக்கு உங்களால ஈடு கொடுக்க முடியாது" என்று அவர் எப்போதும் தனியாகத்தான் போவார். அவர் ஓட்டி யாரும் பார்த்ததில்லை. டயரைத்தான் பார்த்தார்கள்.

வினை இப்போதுதான் வந்தது. தேய்ந்த டயரைப் பார்த்துப் பார்த்து மனுஷன் தானே நம்பிவிட்டார். இந்த மெத்து ரப்பரைப் போட்டுக்கொண்டு மலை வளைவில் நிஜமாகவே சாய்த்துப் பார்த்தாரானால்? கெட்டி ரப்பர் என்றால் வளைவில் வழுக்கும் என்று பயந்துகொண்டு நிமிர்ந்தே போவார். தேய்க்க இன்னும் கஷ்டம், மணிக்கட்டு இன்னும் நோகும். நோகட்டும். ஆள் முழுசாக வீடு வந்து சேர்ந்தால் போதும்.

கடைக்காரர் பழைய டயரின் ஓரத்தைத் தடவி நெற்றியைச் சுருக்கினார்.

"இந்தக் கீறல் குறுக்கால இல்ல போகுது? ரோடு இப்படித் தேய்க்காதே..."

அவள் கையிலிருந்த ஹெல்மெட் தடாலென்று விழுந்து உருண்டது.

"மலைப்பாதைச் சரளை அப்படித்தான் கீறும்" என்றார் அவர், சட்டென்று.

ஐயோ, எவ்வளவு வெள்ளந்தியாக நம்புகிறார்! இனி மறைத்தால் பாவம். மானம் போனால் போகட்டும், உயிர் இருக்கட்டும்.

"என்னங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அந்த டயர் ஓரம்..."

"அதெல்லாம் எதுவா இருந்தாலும் வீட்டுல போய்ப் பேசிக்கலாம்" என்று அவசரமாக வெட்டினார் அவர்.

கடைக்காரர் இடையில் புகுந்தார். "சண்டை வேண்டாம். ரெண்டு பேருக்கும் பொதுவா ஒண்ணு இருக்கு. நடுவுல கெட்டி ரப்பர். நேரா போறவரைக்கும் நல்லா உழைக்கும். ஓரத்துல மட்டும் மெத்து."

"ஓரத்துல மெத்தா?" அவர் முகம் பூவாக மலர்ந்தது. "அதையே போடுங்க! ஏம்மா, நீ வெளிய போய் நிழல்ல உட்காரு."

போயிற்று. ஓரத்தில் மெத்து என்றதற்கே இந்த மலர்ச்சி! வெளியே வந்தவளுக்கு, கைப்பையை உள்ளேயே வைத்தது ஞாபகம் வந்தது. திரும்பி வந்து, டயர் அடுக்குக்குப் பின்னால் நின்றுவிட்டாள். உள்ளே அவர் குரல் தாழ்ந்து கேட்டது.

"ஓரம் நிஜமாவே மெத்துதானே?"

"சத்தியமா சார். வளைவுல படுத்தீங்கன்னா பசை மாதிரி ஒட்டிக்கும்."

"வளைவு கிடக்கட்டும், நான் எங்கய்யா படுக்கப் போறேன்! உப்புத்தாளுக்குச் சீக்கிரம் தேயுமா, அதைச் சொல்லுங்க. நானும் குளிச்சு முடிச்சப்புறம்கூடப் பாட்டை இழுத்து இழுத்துத்தான் பார்க்கறேன்... தேய்ச்சு முடிக்கறதுக்குள்ள பாவம், அவளுக்கு மணிக்கட்டே விட்டுப்போகுது."