எல்லாரும் படிக்கலாம்

"சார், பொது ஃபோல்டர்ல ஒரு ஃபைல் மட்டும் திறக்க மாட்டேங்குது. யாரோ பூட்டி வச்சிருக்காங்க."

காலைக் கூட்டத்தில், பன்னிரண்டு பேர் முன்னால் இதைச் சொன்னவன் எங்கள் டெஸ்டிங் ஆள். ஆபீசில் அவனுக்குப் பட்டப்பெயர் அவசரக்குடுக்கை.

எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறிவிட்டது. இந்த டீமுக்குத் தலைவனாக வந்த அன்றே நான் போட்ட சட்டம் இது: பொது ஃபோல்டரில் இருப்பதை எல்லாரும் படிக்கலாம். நமக்குள் ஒளிவு மறைவு கூடாது.

ஃபோல்டரின் பட்டியலைப் பெரிய திரையில் போட்டேன். ஒவ்வொரு ஃபைலுக்கும் இடது ஓரத்தில் அதன் பர்மிஷன் தெரியும். எழுத்து இருந்தால் அனுமதி உண்டு, கோடு இருந்தால் கிடையாது. நாற்பது ஃபைலில் முப்பத்தொன்பது திறந்து கிடந்தன. 'டிராஃப்ட் 2' என்ற ஒன்றுக்கு மட்டும் கோடு மேல் கோடு.

"யார் பார்த்த வேலை இது?"

"நான்தான், சார்."

சர்வரைப் பார்த்துக்கொள்ளும் பெண் எழுந்து நின்றாள். வேலைக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. தானுண்டு தன் வேலையுண்டு என்று இருப்பவள்.

"யாரைக் கேட்டுப் பூட்டினீங்க?"

"யாரையும் கேட்கலை, சார்."

"அதுல என்ன இருக்கு?"

"ஒரு நிமிஷம் தனியா வாங்க, சார். சொல்றேன்."

"தனியா என்ன தனியா? இங்கேயே சொல்லுங்க. நீங்க அதைப் படிச்சீங்களா இல்லையா?"

"படிச்சேன், சார். அதனாலதான் பூட்டினேன்."

கேட்டீர்களா நியாயத்தை. இவள் மட்டும் படிப்பாளாம், மற்றவர்கள் படிக்கக் கூடாதாம்.

"நம்மளைப் பத்தி மேலிடத்துக்கு ஏதாவது வத்தி வச்சிருப்பாங்க, சார்" என்றான் அவசரக்குடுக்கை. நாலைந்து பேர் தலையை ஆட்டினார்கள்.

என் வாயில் 'நீங்க' போய் 'நீ' வந்துவிட்டது.

"ஏம்மா, சாவி கையில இருந்தா வீடே உன்னுதுன்னு நினைப்பா? இத்தனை பேரும் உனக்குத் திருடங்களாத் தெரியறாங்களா? மடியில கனம் இருந்தாத்தானே வழியில பயம்? சாயங்காலத்துக்குள்ள உன் சீட்டைக் கிழிக்கலை, பார்."

அவள் கண் கலங்கியது. ஆனாலும் வாய் திறக்கவில்லை. அந்த அழுத்தம்தான் என் எரிச்சலை இன்னும் கிளப்பியது.

"நீ ஒண்ணும் திறக்க வேண்டாம். நானே திறக்கறேன்."

"வேண்டாம், சார். தயவுசெஞ்சு வேண்டாம்."

கீபோர்டை இழுத்தேன். யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று ஒரு வரி உத்தரவு தட்டினேன். கோடு இருந்த இடத்திலெல்லாம் எழுத்து வந்து உட்கார்ந்தது.

"பெரிய பூட்டாம், பூட்டு. ஒரு வரியில போச்சு, பார்த்தியா?"

அவள் திரையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துத் தணிந்த குரலில் சொன்னாள்.

"இந்த உத்தரவு, சர்வர் பார்க்கற என்னை விட்டா, ஃபைலுக்குச் சொந்தக்காரர் கொடுத்தாத்தான் செல்லும், சார்."

அது என் மண்டைக்குள் இறங்குவதற்குள் அவசரக்குடுக்கை தன் லேப்டாப்பில் அதைத் திறந்துவிட்டான். பக்கத்தில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

போன மாதம் மேலிடம் கேட்டது என்று நான் அவசர அவசரமாகத் தட்டிய பட்டியல் அது. என் சொந்த ஃபோல்டரில் போட்டதாகத்தான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். டீமில் யாரை வீட்டுக்கு அனுப்பலாம் என்று நாலு பேர். ஒவ்வொரு பேருக்கும் எதிரில் ஒரு காரணம். அவசரக்குடுக்கை மூன்றாவது.

முதல் பேர் அவளுடையது. எதிரில் நான் எழுதியிருந்த காரணம்: 'கூட வேலை செய்பவர்கள் மேல் அக்கறை இல்லாதவர்.'